உரித்த ரோஜா

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரி. அதன் மாடியில் ஒரு குரு இருந்தாள். பெயர் நளாயினி. வயது முப்பது சொச்சம். ஜப்பானில் ஒரு பூ ஏலச் சந்தையில் வாளி கழுவி, பெட்டி தூக்கி, அந்த ஊர் பாஷையைக் கற்றுக்கொண்டு திரும்பியவள். இப்போது அதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறாள்.

சீடன் மாதப்பன். அவளைவிட இருபது வயது மூத்தவன். ரோஜாத் தோட்டத்துப் பேக்கிங் ஷெட்டில் மேஸ்திரி.

“எதுக்கு ஜப்பானி?” என்று முதல் நாள் கேட்டாள்.

“வாங்கறவர் வர்றாருங்க. தனாபேன்னு பேரு. பூவைப் பார்த்துட்டு ஆர்டர் குடுப்பாராம். இங்கிலீஷ் அவருக்கும் வராது, எனக்கும் வராது. போய்க் கத்துக்கிட்டு வாடான்னு முதலாளி அனுப்பிட்டாரு.”

“என்ன கத்துக்கணும்?”

“ரோஜாவுல என்னென்ன இருக்குதோ அதுக்கெல்லாம் பேரு. அது போதுங்க டீச்சர்.”

“மத்ததெல்லாம்?”

“மத்ததுக்கு நேரமில்லைங்க.”

ஒரு ரோஜாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“தொடாமச் சொன்னா கணக்கில்லை. விரலை வெச்சுக்கிட்டுத்தான் பேர் சொல்லணும்.”

“ஏனுங்க?”

“ஹனாபிரா. சொல்லுங்க.”

இதழைத் தொட்டான். “ஹனாபிரா.”

காம்பு, குகி. முள், தோகே. இலை, வெறும் ஹா. தொட்டுத் தொட்டுச் சொன்னான். இதழுக்கு அடியில் பச்சையாக விரிந்து நின்றதைக் காட்டி, “ககு” என்றாள்.

“கக்கு.”

“ககு.”

“வாந்தி வர்ற மாதிரி இருக்குதுங்க டீச்சர்.”

“வரட்டும். விரலை எடுக்காதீங்க.”

நடுவில் இருந்ததற்கு இரண்டு பெயர். ஓஷிபே, மேஷிபே. ஒன்று ஆண், ஒன்று பெண்.

“இத்தனை வருசமா ரோஜா கட்டறேன். உள்ள ஒரு குடும்பம் இருக்குதுன்னு யாரும் சொல்லலீங்களே.”

“இப்பச் சொல்லியாச்சு. மறுபடி மேலேயிருந்து.”

மாதப்பன் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் விடமாட்டான். ஷெட்டில் நின்றபடி பூவைத் தடவித் தடவி முணுமுணுத்தான். பெட்டி கட்டும் பெண்கள் சும்மா இருப்பார்களா?

“மேஸ்திரிக்கு யாரோ மந்திரம் போட்டுட்டாங்கடி.”

“வீட்டுல பொண்டாட்டியை இப்படித் தடவிக் கேட்டிருந்தா அவளாவது பதில் சொல்லியிருப்பா.”

அவன் காதில் வாங்கவில்லை. பெயர்கள் வந்துவிட்டன.

பிறகு மழை பிடித்தது.

தனாபே வருவதற்கு முந்தின நாள் பாடத்துக்கு வந்தான். உட்காரவில்லை.

“பேரெல்லாம் ஆயிடுச்சுங்க. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வேணும்.”

“என்ன?”

“‘இந்த ரகமே இப்படித்தான்.’ இதை எப்படிச் சொல்றதுங்க?”

“எதுக்கு?”

அவன் பையிலிருந்து நியூஸ்பேப்பரில் சுற்றிய ரோஜா ஒன்றை எடுத்தான். பளிச்சென்று இருந்தது. ஒரு மாசு இல்லை.

அவள் கையில் வாங்கியதுமே தெரிந்துகொண்டாள்.

ரோஜாவின் வெளியிதழ் அழகாக இருக்காது. பச்சை ஓடி, சுருங்கி, கோணலாக இருக்கும். ஆனாலும் யாரும் அதைப் பிய்த்து எடுக்கமாட்டார்கள். பெட்டிக்குள் அடி வாங்குவது அதுதான். உள்ளிதழ் தப்பிப்பது அதனால்தான். பூ போய்ச் சேர்ந்தபின் கடைக்காரன்தான் அதை உரிப்பான். இது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

“யார் உரிச்சது?”

“மழை ஈரத்துல பூஞ்சை விழுந்துடுச்சுங்க. வெளியிதழ்ல பழுப்புப் புள்ளி. முதலாளி எல்லாத்தையும் உரிச்சுடச் சொன்னாரு. நாந்தான் நின்னு உரிக்க வெச்சேன்.”

“உள்ளே?”

“உள்ள இன்னும் வரலை. வரும்.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். இந்த ஆர்டர் போச்சுன்னா ஷெட்டைப் பூட்டிருவேன்னாரு. பூட்டினா நான் மட்டுமில்லைங்க, பெட்டி கட்டற பொம்பளைங்க அத்தனை பேரும் வீட்டுக்குத்தான்.”

நளாயினி பூவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“மேலேயிருந்து சொல்லுங்க.”

“நேரமில்லைங்க டீச்சர்.”

“சொல்லுங்கண்ணே.”

சொன்னான். விரல் இறங்கியது. ஹனாபிரா. ககு. இரண்டுக்கும் நடுவில் அவள் அவன் விரலைப் பிடித்து நிறுத்தினாள். பல் பிடுங்கிய இடம்போல ஒரு தடம். வெளிறி, கொஞ்சம் ஈரமாக.

“இதுக்கு என்ன பேரு?”

“அங்க ஒண்ணுமில்லீங்களே.”

“தனாபே பூவைக் கையில வாங்கினதும் என்ன செய்வாரு?”

மாதப்பன் வாங்குகிறவர்களைப் பார்த்தவன். எல்லோரும் ஒன்றுதான் செய்வார்கள்.

“கவுத்துப் பார்ப்பாரு.”

“பார்த்து?”

“அதுக்குத்தானே டீச்சர் வாக்கியம் கேக்கறேன்!” குரல் ஏறிவிட்டது. “நீங்க மாடியில உக்காந்து பேர் சொல்லிக்குடுத்துட்டுப் போயிடுவீங்க. அந்தாளு முன்னால நிக்கப்போறது நானு.”

“சரி. எழுதிக்க வேண்டாம், வாயில வாங்கிக்குங்க. கொனோ ஹின்ஷு வா கோ தெஸ். இந்த ரகம் இப்படித்தான்.”

சொன்னான். மறுபடி சொன்னான். தவறில்லாமல் வந்தது.

“இன்னொண்ணு. வதாஷி கா தொரிமாஷ்தா. நான்தான் எடுத்தேன்.”

“அது எதுக்குங்க?”

“பாஷை கத்துக்க வந்தீங்க. ரெண்டும் பாஷைதான்.”

“எதைச் சொல்லட்டும்?”

“எனக்கு அங்கே வேலையில்லை” என்றாள்.

மறுநாள் தனாபே வந்தார். ஒல்லியான மனிதர். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஷெட்டைச் சுற்றினார். முதலாளி சிரித்துக்கொண்டே கூட நடந்தார். மாதப்பன் பூவை நீட்டித் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னான். தனாபேவுக்கு ஆச்சரியம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முதலாளி மாதப்பனின் முதுகில் தட்டினார்.

பிறகு தனாபே பூவைக் கவிழ்த்தார்.

ஏதோ கேட்டார். மாதப்பனுக்குப் புரியவில்லை. புரியத் தேவையும் இல்லை. அவர் விரல் அந்தத் தடத்தின்மேல் இருந்தது.

முதல் வாக்கியம் தயாராக நாக்கில் இருந்தது. மாதப்பன் தன் விரலையும் அங்கே வைத்தான், பழகிய பழக்கம். வைத்தபின் அந்த வாக்கியம் வரவில்லை.

“வதாஷி கா தொரிமாஷ்தா.”

தனாபே அவனையே பார்த்தார். மாதப்பன் குப்பைப் பீப்பாயிலிருந்து உரித்த இதழ்களை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து காட்டினான். பழுப்புப் புள்ளிகள். தனாபே ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதை மேஜைமேல் வைத்தார். குனிந்து வணங்கினார். காரில் ஏறிப் போய்விட்டார். ஆர்டர் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

முதலாளி அன்று பேசியதை இங்கே எழுத முடியாது. அன்றைய பூ பெங்களூர் சந்தைக்குப் போனது, வந்த விலைக்கு. மாதப்பனை ஷெட்டிலிருந்து எடுத்து உரக் கிடங்கில் போட்டார்கள். ஷெட்டைப் பூட்டுவதா வேண்டாமா என்று முதலாளி இன்னும் முடிவு செய்யவில்லை. மறுநாள் பெட்டி கட்டும் பெண்கள் வழக்கம்போல வந்தார்கள், சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மாதப்பன் கடந்து போனால் கேலி இல்லை. அது அவனுக்கு முதலாளியின் வசவைவிட மோசமாக இருந்தது.

சாயங்காலம் மாடிக்கு வந்தான். உடம்பெல்லாம் உர வாசனை.

“உங்களால வந்துது டீச்சர்.”

“என்ன?”

“ரெண்டாவது வாக்கியத்தை நீங்க குடுக்காம இருந்திருந்தா முதலாவதைத்தான் சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருப்பீங்க.”

“அந்தாளு நம்பியிருப்பாரு.”

“நம்பியிருக்கலாம்.”

“ஆர்டர் கிடைச்சிருக்கும். இந்நேரம் பூ பெட்டியில ஏறி ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கும்.”

“போயிருக்கும்.”

“பெட்டி கட்டற பாக்கியம்மா இன்னிக்கு எம்முகத்தைப் பார்க்கலை. அவளுக்கு நான் என்ன சொல்றது? பொய் சொன்னா என்ன குடி முழுகிப்போச்சு? ஒத்துக்கறேன், பூ கெட்டுத்தான் போகும். பெட்டியைத் திறக்கறது எங்கயோ ஜப்பான்ல. அங்க நானா இருக்கப்போறேன்?”

நளாயினி நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

“அங்க பூ இருக்கும்ணே” என்றாள்.