உச்சிவேளைத் தண்ணீர்

“முதலாவது, மேலத்தெருக்காரக எங்க தெருக் கிணத்துல மண்ணைத் தள்ளினாக. இரண்டாவது, ஆத்துத்துறையில கல் நட்டு, கீழத்தெரு ஆளு தாண்டக் கூடாதுன்னாக. மூன்றாவது, தாண்டின பொன்மாடன் செத்தான். நான்காவது, அடுத்த போராட்டத்துல சித்திரவேலு செத்தான். ஐந்தாவது, அதுக்கடுத்ததுல பாக்கியம் செத்தா. ஆறாவது, மூணு சாவும் ஆத்தா கேட்ட பலின்னு மேலத்தெருக்காரன் பொங்கல் வச்சான்.”

மாசானம் இந்த வரிசையை ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. மேடையிலும் இதுதான், நோட்டீசிலும் இதுதான், போலீஸ் லாக்கப்பிலும் இதுதான்.

ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்த பேராச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

“வரிசை நல்லா இருக்கு. எதுக்கு வந்தீக அண்ணாச்சி?”

அவளைக் கிறுக்கி என்பார்கள். சந்தேகம் வந்தால் அவளிடம்தான் போவார்கள். மூன்று பேரை விழுங்கிய ஆற்று மடுவில் தினமும் முங்கி எழுந்து வருகிறவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? மாசானம் அவளைவிட இருபது வயது மூத்தவர். சாமியையும் கும்பிட்டதில்லை, சாமியாரையும் கும்பிட்டதில்லை. அதனால் உட்காராமல் நின்றே பேசினார்.

“கோர்ட்டு எங்க பக்கம் தீர்ப்புச் சொல்லிட்டு. வருஷத்துக்குள்ள எந்த நாள்னாலும் இறங்கலாம். கோர்ட்டு அமீனா வந்து சாட்சி வச்சுப் பதிவு பண்ணுவாரு. சித்திரைப் பௌர்ணமி, உச்சிவேளைன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு.”

“அப்புறம் என்ன?”

“இந்தத் தடவையும் ஒரு உசிர் போச்சுன்னா, மேலத்தெருக்காரன் சொன்னதுதான் நெசம்னு ஆயிரும். எங்க சனமே பயந்து கல்லைத் தாண்டாம நின்னுரும். பிறகு எந்தக் கோர்ட்டாலயும் இழுத்துட்டு வர முடியாது. ஆள் சாகாம இறங்க ஒரு வழி சொல்லு தாயி.”

“தண்ணி எப்படி இருக்கும்?”

“இது என்ன கேள்வி? தண்ணி தண்ணி மாதிரி இருக்கும்.”

“நீங்க இறங்கினதே இல்ல.”

“நான் கரையில நின்னு மைக் பிடிக்கணும். தலைவன்னா அதான் வேலை.”

அவள் எழுந்தாள். “வாங்க.”

உச்சிவேளை. ஆற்றில் ஆள் இல்லை. காக்கை இல்லை. வெயில் தண்ணீர்மேல் அசையாமல் கிடந்தது.

இடுப்புவரை நடந்தார்கள். வடிகஞ்சி போல இதமாக இருந்தது. மாசானத்துக்குச் சிரிப்புகூட வந்தது. இதற்கா இத்தனை பயம்?

அடுத்த அடி வைத்தார். பாறை சட்டென்று சரிந்தது. கழுத்துவரை போனார்.

கழுத்திலிருந்து மார்புவரை வடிகஞ்சி. அதற்குக் கீழே வேறொரு ஆறு ஓடியது.

அந்த ஆறு பிணத்தின் கைபோலக் குளிர்ந்திருந்தது. இரண்டு ஆற்றுக்கும் நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. அவர் உடம்பிலேயே அது தெரிந்தது.

“அணைக்கு அடியில கெடந்த தண்ணி” என்றாள் பேராச்சி. “வெயிலையே பார்க்காதது. சித்திரையில திறந்து விடுவாக. இங்க வந்து அடியில படுத்துக்கிடும்.”

சொல்லிவிட்டு அவர் தலையில் கை வைத்து அமுக்கினாள்.

கெண்டைக்கால் இரண்டும் கல்லாயின. கால்கள் அவருடையவையாக இல்லை. வாய் தானாகத் திறந்தது.

அப்போது அந்தக் குரல் கேட்டது.

“இறங்குங்க தோழர்களே. பயப்படாதீங்க. இது நம்ம தண்ணி.”

மைக் விசிலோடு, அடியாழத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் கால் இன்னும் கொஞ்சம் கனத்தது. குரல் அவருடையது.

முடியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டாள். அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“கரையில யாரு பேசினது?” என்றார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல. அந்த மூணு பேரைக் கேட்டாத் தெரியும்.”

பௌர்ணமிப் போராட்டத்தை மாசானம் நிறுத்தினார்.

“எம்புட்டு வாங்கினீரு?” என்று டீக்கடையில் கேட்டார்கள். அவர் ஜெயிலுக்குப் போனபோது பிறந்தே இராதவர்கள் கேட்டார்கள். டீயைக் குடித்துவிட்டு ஆற்றுக்குப் போனார்.

ஆடியில் தண்ணீர் செந்நிறமாக வந்தது. மலைமழையின் குளிர். முழங்கால் ஆழமே ஆளைத் தள்ளியது.

“பேசுதா?” என்றாள் பேராச்சி.

“பேசுது.”

“போங்க.”

ஐப்பசியில் கரையை ஒட்டி வேரோடு ஒரு மருதமரமும் வயிறு ஊதிய ஆடும் மிதந்து போயின. கால் வைக்க இடமில்லை. குனிந்து கையை மட்டும் விட்டார். குரல் மணிக்கட்டு வழியே ஏறி வந்தது.

“போங்க” என்றாள்.

மார்கழியில், விடியும் நேரத்தில், ஆறு முழுக்க ஆவி எழுந்தது. கரையில் பல் கிட்டியது. பேராச்சி வரவில்லை, பாறையிலேயே இருந்துகொண்டாள்.

கரை மரத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை இறங்கினார். காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காலால் துழாவினார். கோட்டைக் காணவில்லை. மூச்சைப் பிடித்து முங்கினார்.

“ஒண்ணும் கேக்கலையே தாயி.”

“மேலயும் கீழயும் ஒரே தண்ணி.”

“ஆனா மார்கழியில யாரு வருவா? சித்திரையில எங்க சனத்துக்கு வேலை கெடையாது, கூட்டம் சேரும். இப்ப வயல்ல கெடக்காக. பத்துப் பேரு தேறாது.”

“பத்துப் பேருக்கு ஆறு பத்தாதோ?”

அவர் முகத்துத் தண்ணீரை வழித்தார்.

“முதல்ல யாரு இறங்குவா அண்ணாச்சி?”

“இளைஞர் அணியில நல்ல…”

தண்ணீருக்குள் மைக் விசில் கேட்டது.

அந்த மார்கழியிலேயே ஒரு விடியலில் பதிவுக்கு வந்த அமீனா காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார். கீழத்தெருவில் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். மேலத்தெரு மொத்தமும் வந்திருந்தது, கையில் பொங்கல் பானையோடு.

“பலி விழுந்ததும் அடுப்பு மூட்டணும்லா?” என்றார் மேலத்தெரு பூதலிங்கம். “விறகு எங்க வீட்டு விறகுதான். உங்களுக்குச் செலவில்ல.”

இளைஞர் அணிச் செயலாளர் எட்வின் சட்டையைக் கழற்றிவிட்டு, மைக்கை மாசானத்திடம் நீட்டினான். “நீங்க குரல் குடுங்க அண்ணாச்சி. நான் குதிக்கேன்.”

மாசானம் மைக்கை வாங்கினார். சுவிட்சை அணைத்தார். எல்லைக்கல்லின் மேல் வைத்தார்.

பிறகு தன் சட்டைப் பித்தானை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“பெரியவரே, நீச்சல் தெரியுமா?” என்றார் அமீனா.

“தெரியாது.”

“அப்படியே எழுதிக்கிடவா?”

“எழுதும். எழுதிச் சத்தமா வாசியும். ரெண்டு தெருவும் சாட்சி.”

கல்லைத் தாண்டித் தண்ணீரில் கால் வைத்தார். ஆவி விலகியது, யாரோ மூன்று பேர் நகர்ந்து இடம் விடுவதைப் போல.

அமீனா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“முதலில் இறங்குபவர், கீழத்தெரு நல்லமாடன் மகன் மாசானம்.”