பிந்தி விழுந்த கைத்தட்டல்

நியாயம் சொல்ல நாக்கு அரிப்பவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வழக்கு சின்னதுதான். ஒரு பெண், அவள் கணவன், அவளுடைய நண்பன் என்று ஆட்கள் மூன்றே பேர். பெயர்கள்தான் அதைவிடக் கூடுதல். தொல்லையெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

கணினியில் ஒலிகளை அடுக்கி நடன அரங்குகளுக்கு இசை போடுகிறவர்களின் உலகத்தில், பெற்றவர்கள் வைத்த பெயரோடு யாரும் நடமாடுவதில்லை. வேகமான இசைக்கு ஒரு பெயர், மெதுவானதற்கு வேறொன்று. அதை அங்கே யாரும் பொய் என்று சொல்வதில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்து வேளச்சேரியில் குடியிருந்த வினோலியா அந்த உலகத்துக்காரி. போட்டவள் பெண் என்று தெரிந்தால் இசையைக் கேட்க வந்தவர்கள் ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவளுக்கு எரிச்சல். மேடைக் கூச்சம் வேறு. அதனால் நண்பன் குணசீலனைப் பிடித்தாள். அவனுக்கு இசை போடத் தெரியாது. கூட்டத்தை ஆட்டிவைக்கத் தெரியும். பாம்பு முகமூடியை மாட்டிக்கொண்டு ‘நாகாஸ்திரம்’ என்ற பெயரில் அவன் மேடையில் நின்றான். இசை முழுக்க அவளுடையது.

“இதப் போடுறது நான்தான்னு எவன்கிட்டயும் வாயத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு” என்றாள் வினோலியா.

“சத்தியமா சொல்ல மாட்டேன் வினோ” என்றான் குணசீலன்.

சத்தியத்தைக் கேட்டு வாங்கியது அவள். அவனாக ஒன்றும் கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷங்களில் நாகாஸ்திரம் என்றால் ஊரே ஆடியது. வினோலியாவுக்கோ அந்த இடி முழக்கம் அலுத்துப்போயிற்று. தன் மனதுக்குப் பிடித்த இசையை, முகமூடிக்கு ஆள் வைக்காமல், ‘உப்பளம்’ என்ற புதுப் பெயரில் ஓர் இசை நிறுவனம் மூலம் ஆல்பமாக வெளியிட்டாள். அவள் உயிரைக் கொடுத்துச் செய்தது அது ஒன்றைத்தான்.

பெயரை மாற்றிக்கொள்ளலாம், கைப்பழக்கத்தை மாற்ற முடியுமா? அவள் போடும் இசையில் கைத்தட்டல் ஒலி தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி விழும். அது அவளுக்கே தெரியாது. நாகாஸ்திரத்தின் ரசிகர்களுக்குத் தெரிந்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, “உப்பளம் ஒரு திருட்டு” என்று இணையமெங்கும் கூவினார்கள். வெளியிட்ட நிறுவனம் பயந்துபோய் ஆல்பத்தைத் திரும்பப் பெற்றது. தன் இசையைத் தானே திருடியவள் என்ற பட்டம் வேறு யாருக்குக் கிடைத்திருக்கும்!

வினோலியா குணசீலனிடம் ஓடினாள்.

“சத்தியத்த உடைக்கச் சொல்றியா?” என்று கேட்டான் அவன்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அத நான் கேக்கல. என் மேல இருக்கிற பழிய மட்டும் எடுத்துடு” என்றாள்.

“அவ்ளோதானே? நான் பாத்துக்கறேன், நீ போ.”

மறுநாள் குணசீலன் முகமூடியோடு ஒரு வீடியோ போட்டான். “உப்பளத்தை நான் மனசார மன்னிக்கிறேன். புதுசா வர்றவங்க எங்கள மாதிரி ஆளுங்களப் பாத்துத்தான் கத்துக்குவாங்க. தயவுசெஞ்சு யாரும் திட்டாதீங்க” என்றான். எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை என்று ஊர் கண்ணீர் விட்டது. திட்டுவதும் நின்றது.

வினோலியா சாப்பாட்டை விட்டாள். கணினியைத் திறக்காமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் ஆல்ட்ரின் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். இசைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். அவன் யாருக்கும் எந்தச் சத்தியமும் செய்து கொடுத்திருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் அந்தக் கணினியைத் திறந்தான். நாகாஸ்திரத்தின் பாடல்களும் உப்பளத்தின் பாடல்களும் ஒலி ஒலியாக அடுக்கப்பட்டுக் கிடந்த கோப்புகளையெல்லாம் படம்பிடித்து, “இரண்டுமே என் மனைவி போட்டவை” என்று எழுதி வெளியிட்டுவிட்டான்.

“என்னைக் கேட்டியளா? ஒரு வார்த்த கேட்டியளா?” என்று அழுதாள் வினோலியா.

“நீ கெடந்து சாவுறத வேடிக்க பாக்கச் சொல்லுதியா?” என்றான் ஆல்ட்ரின்.

ஊர் பாதியை நம்பியது. நாகாஸ்திரமும் உப்பளமும் ஒரே கை என்பது வரை சரி, ஆனால் யார் கை? படம் வந்தது ஆல்ட்ரினிடமிருந்து அல்லவா! மனைவி பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அவன்தான் என்று சந்தேகப்பட்டார்கள். யாரோ ஒரு கல்யாண வீட்டு வீடியோவைத் தோண்டி எடுத்தார்கள். அதில் ஆல்ட்ரின் பாட்டுக்குக் கை தட்டுகிறான். தாளம் பிடிபடாததால் ஒவ்வொரு தட்டும் பிந்தி விழுகிறது. போதாதா? ஆதாரம் கிடைத்துவிட்டது! “எனக்குத் தாளமே தெரியாதுய்யா, எல்லாம் அவதான்” என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான். என்ன தன்னடக்கம் என்று மெச்சினார்கள். ஆல்பம் மறுபடி வெளியாயிற்று, அறிவிப்பில் ஆல்ட்ரின் படத்தோடு. குணசீலன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் ஆயிற்றே!

ஒருத்தி தானே கேட்டு வாங்கிய மறைவில் மாட்டிக்கொண்டாள். ஒருவன் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காத்தான். இன்னொருவன் பாசத்தால் உண்மையைச் சொல்லப்போய் அவளுக்குச் சேர வேண்டிய புகழைத் தன் தலையில் வாங்கிக்கொண்டான். சொல்லுங்கள், இந்த மூவரில் வினோலியாவின் இசையைத் திருடியவர் யார்?

விடை: வினோலியா ஒளிந்துகொண்டாள், அவ்வளவுதான். தன் பெயரை எப்போது சொல்வது என்பது அவள் பாடு. அதில் ஆல்ட்ரின் கை வைத்தது தப்பு. ஆனாலும் வந்த புகழை வேண்டாம் என்று கத்தினானே, எந்தத் திருடன் அப்படிக் கத்துவான்? திருடியவன் குணசீலன்தான். வாய் மூடி இருந்ததற்காக அவனைக் குறை சொல்ல முடியாது, அவள் கேட்டது அதைத்தான். ஆனால் மன்னிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. பொருள் தன்னுடையது என்று எண்ணாதவன் திருட்டுக்காக ஒருவரை எப்படி மன்னிப்பான்? சந்தேகம் இருந்தால் அந்த வீடியோவை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். அவன் உருகி உருகி மன்னிக்கும்போது பின்னால் மெல்ல ஓடுகிறதே ஓர் இசை, அதுவும் வினோலியா போட்டுக் கொடுத்ததுதான்.