வரப்பில் நின்ற நொச்சி

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. ஆறுகள் பேசித் திரிந்த காலம் அது. வரகூர் என்ற சின்ன நாட்டில் செல்லாண்டி என்ற உழவன் தன் மனைவி வெள்ளச்சியைக் கடைசியாக மனுஷியாகப் பார்த்தது ஒரு விடியலில், வயல் வரப்பில்.

நாட்டில் அப்போது பஞ்சம். மந்திரவாதி கருங்கண்ணன் ஒரு பிடி களைவிதையை ஊதிவிட்டிருந்தான். பிடுங்கினாலும் முளைத்தது, உழுதாலும் முளைத்தது, தண்ணீரில் மூழ்கடித்தாலும் முளைத்தது. வரகு தலைதூக்கவே இல்லை.

வெள்ளச்சி காட்டுக்குப் போய், பேசும் உடும்பிடம் வழி கேட்டிருந்தாள். அது சொன்னது: “விதைக்குக் கண் இல்லை, காது இல்லை, மூக்கு உண்டு. நொச்சி வாசம் வந்தால் தூங்கும். புகை வாசம் வந்தால் விழிக்கும். மூன்று வருஷத்து மழைக்கும் தூங்கினால் மண்ணுக்குள்ளேயே செத்துப்போகும். வெறும் நொச்சிக்கு அத்தனை மூச்சு கிடையாது. ஒரு மனுஷி நொச்சியாக நிற்கவேண்டும்.”

“மூணு மழைதானே, வந்துடுவேன். நீங்க வரப்புக்குத் தீ மட்டும் வைக்காதீங்க” என்றாள் வெள்ளச்சி.

“வைப்பேனா புள்ள?”

அவள் நொச்சியானாள். முதல் மழைக்குக் களை முளைக்கவில்லை. இரண்டாம் மழைக்கும் முளைக்கவில்லை. மழைக்கு முன் வரப்புப் புதரை வெட்டி எரிப்பது அந்த ஊர் வழக்கம். அந்த இரண்டு வருடமும் வெள்ளச்சிக்காக ஒருவரும் எரிக்கவில்லை, வெட்டித் தூரப் போட்டார்கள். செல்லாண்டி தன் வரப்பை வெட்டவே இல்லை.

மூன்றாம் வருடம் பக்கத்து வயல் மொட்டையன் சிரித்தான். “என்ன மச்சான், உன் வரப்பு சாமியார் தாடி மாதிரி கிடக்கு? எலியெல்லாம் குடித்தனம் பண்ணுது!”

செல்லாண்டிக்கு வெட்கமாகிவிட்டது. புதரை வெட்டினான். நொச்சிக்கு நூறு அடி தள்ளி, எதிர்வரப்பில் வைத்து எரித்தான். ஒரு பொறிகூட அவள்மேல் விழாமல் கூடவே நின்று பார்த்துக்கொண்டான். தீயைப் பார்த்தான், புகையைப் பார்க்கவில்லை. அது வயல்மேல் படுத்து நாடெங்கும் பரவியது.

மழை பெய்தது. மறுநாள் காலை மண் முழுக்கக் களை முளைவிட்டிருந்தது.

நொச்சி நடுங்கியது.

“வேண்டாம் புள்ள!” என்று ஓடினான். அதற்குள் அவள் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் ஒரே தடவையில் விட்டாள். கண் எரியும் வாசம். முளைகள் சுருண்டு கருகின. மந்திரம் அறுந்தது, கருங்கண்ணன் தூசியாக உதிர்ந்தான். நொச்சி நின்ற நிலையிலேயே காய்ந்துபோனது.

நாட்டு அரசன் மரியாதை செய்யப் பல்லக்கு அனுப்பினான். செல்லாண்டி ஏறவில்லை.

அந்த வருடம் வரகூரில் எல்லா வீட்டிலும் வயிறாரச் சமைத்தார்கள். செல்லாண்டி வீட்டில் ஒரு ஆளுக்குச் சமையல்.