கெட்டி மேளத்தில் அமுங்கிய சொல்

பல்லிக்கும் மனிதனுக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், தாலி கட்டும் நேரம் வந்தால் மேளம் நின்றுவிடும். மாப்பிள்ளை தாலியை ஏந்திக் காத்திருப்பான். பெண் நிமிர்ந்து, ஊர் கேட்க, "கட்டு" என்று சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்றாலும் குடி முழுகிப் போகாது. வந்த சனம் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போகும்.

மருதாசலம் வீட்டுக் கல்யாணத்தில் தவில்காரன் சடையன் மணவறைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். மணப்பெண் பவளாயியின் முகத்தில் ரத்தமே இல்லை. காரணம் அவனுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுச் சீர்க்கூடையில் ஒளிந்து வந்த பல்லி காலையில் அவளிடம் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது.

"வேண்டாம்னு சொல்லிரு தாயி. இவன் முதல் தாரம் தவறி விழல. கிணத்துல தள்ளுனதே இவன்தான். நான் அந்த வீட்டுச் சுவத்துல இருந்தவ."

பவளாயி அப்பாவிடம் அழுதுதான் பார்த்தாள். "பல்லி பேச்சைக் கேட்டுக் குடுத்த வாக்கை மாத்தச் சொல்றியா?" என்று மருதாசலம் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

முகூர்த்தம் வந்தது. மேளம் நின்றது. பவளாயி நிமிர்ந்து வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. சடையனைப் பார்த்து ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினார்.

"அடிடா! கெட்டியா அடி!"

விரலைக் கண்டால் அடித்துப் பழகிய கை, மனசு தடுப்பதற்குள் தவிலில் இறங்கிவிட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பெரிய வீட்டுப் பகை நமக்கெதற்கு என்று அவன் நிறுத்தவில்லை. பவளாயியின் தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடுவதைப் பார்த்துக்கொண்டேதான் அடித்தான். பந்தல்காலில் இருந்த பல்லி தொண்டை கிழியக் கத்தியது. யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தாலி ஏறிவிட்டது.

ஆடி கழியவில்லை, பவளாயி கிணற்றில் தவறி விழுந்து செத்தாள் என்று சேதி வந்தது. தவறி விழுந்தாளாம்! சடையன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. தின்னாமல் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். பெண் வாயை மூட ஒன்று கிடைத்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர்களெல்லாம் சடையனைத் தேடி வந்தார்கள். "மருதாசலம் வீட்ல அடிச்ச மாதிரியே அடிச்சிரப்பா." அவனும் அடித்தான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

பிறகு அவன் மகள் தங்காயிக்குக் கல்யாணம் வந்தது. வேறு ஆட்கள் மேளம். "அந்த நேரம் மட்டும் சும்மா இருங்கப்பா. எம்புள்ள என்ன சொல்லுதுன்னு நான் கேக்கணும்" என்று கெஞ்சினான்.

"நீங்களே தொடங்கி வெச்ச வழக்கந்தானேண்ணே" என்று அவர்கள் சிரித்தார்கள்.

தாலியைக் கையில் எடுத்ததும் மேளம் எழுந்தது. தங்காயி நிமிர்ந்து கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். "நிறுத்துங்க!" என்று கத்தியபடி சடையன் கையைத் தூக்கி ஆட்டினான். அவன் கத்தியது யாருக்குக் கேட்டது? தூக்கிய கைதான் தெரிந்தது. இன்னும் கெட்டியாக அடித்தார்கள். மகளின் உதடு அசைந்தது. கட்டு என்றாளா, வேண்டாம் என்றாளா, பெற்றவனுக்குத் தெரியவில்லை. அவள் தலை குனிந்துகொண்டாள்.

அன்று முதல்தான் தாலி கட்டும்போது விரல் ஆடுகிறது, கெட்டி மேளம் முழங்குகிறது, பெண் குனிந்த தலை நிமிர்வதில்லை. தொண்டை கிழிந்த பல்லிக்கு அதன் பிறகு பேச்சே வரவில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகளில் இன்றும் சுவரில் இருந்து அது ச்சு ச்சு என்று அடித்துக்கொள்கிறது. "பார்த்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு" என்று நாமும் சந்தோஷமாகத் தாம்பூலம் மாற்றிக்கொள்கிறோம்.