ஐந்து யானைகளைத் திருடிய பாகன்

கொன்றையூரை ஆண்ட மழவராயருக்கு எதிரி என்று ஒருவனும் கிடையாது. படையெடுத்து வந்து அள்ளிப்போக அந்த ஊரில் என்ன இருக்கிறது? ஆனாலும் ராஜ்ய ரகசியம் மட்டும் ஏராளம். யானை இத்தனை, குதிரை இத்தனை என்று ஓலையில் நேராக எழுதும் வழக்கமே அங்கே இல்லை. ஒவ்வோர் ஆயுதபூஜைக்கும் மந்திரி அதைக் கணக்குப் புதிராக எழுதி முத்திரை வைப்பார். எதிரி ஓலையைத் திருடினாலும் திருதிருவென்று விழிக்கவேண்டுமாம். எதிரி விழித்தானோ இல்லையோ, அரசர் நன்றாக விழித்தார்.

அந்த வருஷம் யானை ஓலையை எழுதிவைத்த கையோடு மந்திரி காசிக்குக் கிளம்பிவிட்டார். புதிரை அவிழ்க்கும் பொறுப்பு ஆஸ்தான கணித வித்துவான் அனந்தகேசரியிடம் வந்தது. அவர் முன்னால் இரண்டு பேர் பட்டங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பட்டம் முடிவதற்குள் சபையில் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள்.

வித்துவான் ஓலையைப் படித்தார். "யானைகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கு. எண்பத்து நான்கைக் கூட்டு. யானைகளின் எண்ணிக்கையைப் பத்தொன்பதால் பெருக்கினால் வருவதும் இதுவும் சமம்."

மணற்பலகையில் விரலால் ஏதோ கிறுக்கினார். நிமிர்ந்தார். "பன்னிரண்டு யானைகள், பிரபு!"

கொட்டிலில் நின்றவை ஏழு. உடனே யானைப்பாகன் காடப்பனை இழுத்து வந்தார்கள்.

"ஏழுதானுங்க சாமி எப்பவும்! வந்து எண்ணிப் பாருங்க," என்று அவன் கும்பிட்டான்.

"எண்ணுவதா?" வித்துவான் முகத்தைச் சுளித்தார். "விரல்விட்டு எண்ணுவது பாமரன் வேலை. கண் பொய் சொல்லும், கணக்குப் பொய் சொல்லாது. மிச்சம் ஐந்தை இவன் திருடிவிட்டான்!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. ஐந்து யானைகளை எந்தச் சோற்றில் மறைப்பது? சபையில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. எல்லாத் தலைப்பாகைகளும் மேலும் கீழும் ஆடின. சம்பளம் வாங்குவதே அதற்குத்தானே.

"நாளை பொழுது சாய்வதற்குள் ஐந்து யானைகளும் வரவேண்டும். இல்லையென்றால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போ!" என்றார் அரசர்.

"போறேனுங்க. ஆனா அந்தக் கடைக்குட்டி ஆனை நான் கவளம் ஊட்டினாத்தானுங்க திங்கும்," என்று காடப்பன் கேவினான்.

விகடகவி தேவாண்டி ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். விஷயம் அவருக்குத் தெரியும். போன மாதம் வித்துவானின் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அம்பாரி வைத்த யானை கேட்டு ஆள் வந்தது. அரசர் உத்தரவில்லாமல் தரமுடியாது என்று காடப்பன் சொல்லிவிட்டான். தேவாண்டி ஓலைக் கணக்கில் ஏழு என்ற எண்ணை மனசுக்குள் போட்டுப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் நேராகச் சொன்னால் யார் கேட்பார்கள்? வித்துவானுக்குப் பதினாறு பட்டங்கள். தேவாண்டிக்கு ஒன்றுகூடக் கிடையாது.

"வித்துவானே, இதற்கு வேறு விடை இருக்குமோ?" என்று மெல்லக் கேட்டார்.

"இரண்டு எண் வந்து தொலைக்கும். பெரியது கிடைத்தபின் சிறியதை எவன் சீந்துவான்? ராஜாவுக்குப் பெரிய எண்தான் அழகு."

அரசருக்கு உச்சி குளிர்ந்தது. "சபாஷ்! பெரிய எண்ணே சரி. இன்றுமுதல் அரண்மனைக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதுவே சட்டம்."

"எல்லாவற்றுக்குமா, மகாராஜா?"

"எல்லாவற்றுக்கும்!"

"அப்படியானால் அடியேனிடமும் ஓர் அரண்மனைக் கணக்கு இருக்கிறது," என்று தேவாண்டி எழுந்தார். "ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி நான்கைக் கூட்டினால், அந்த எண்ணைப்போல் ஐந்து மடங்கு வருகிறது. எண் எது?"

வித்துவான் சிரித்தார். "பால்குடி மறவாத பிள்ளைகூடச் சொல்லும். நான்கு! நாலு நாலு பதினாறு, நாலைக் கூட்டினால் இருபது. நாலைந்தும் இருபது."

"ஒன்று என்று யாராவது சொன்னால்?"

"அவன் ராஜதுரோகி!"

"மகாராஜாவும் ஒப்புக்கொள்கிறீர்களா?"

"சட்டம் போட்டதே நான்தானே! நான்கு, நான்கேதான்!"

தேவாண்டி அரசருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த மகாராணி கோமளவல்லியை நோக்கிப் பணிவாகக் கைகூப்பினார்.

"தாயே, அது மகாராஜா தாலிகட்டிய பெண்களின் எண்ணிக்கை."

மகாராணி மெதுவாகத் திரும்பினார்.

"நான்கா?"

"கோமளம், அது... அதாவது..."

"நான் ஒருத்திதான் இங்கே இருக்கிறேன். மற்ற மூன்று பேரை எந்த ஊரில் வைத்திருக்கிறீர்கள்?"

"யாருமே இல்லையம்மா! வேண்டுமானால் அரண்மனை முழுக்க எண்ணிப் பார்!"

"எண்ணுவது பாமரன் வேலை, மகாராஜா," என்றார் தேவாண்டி வருத்தத்தோடு. "கண் பொய் சொல்லும்."

அரசருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஒன்று! ஒன்றும் பொருந்துகிறதே! ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று, நாலைக் கூட்டினால் ஐந்து. ஓரைந்து ஐந்து! சின்ன எண்தான் சரி!"

"அது ராஜதுரோகமாயிற்றே?"

"சட்டம் ரத்து! விடை இரண்டு வந்தால், எது உண்மை என்று நேரில் போய்ப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்!"

"அந்த யானைக் கணக்கிலும் ஏழைப் போட்டுப் பாருங்கள், மகாராஜா. ஏழேழு நாற்பத்தொன்பது, எண்பத்து நான்கைக் கூட்டினால் நூற்று முப்பத்து மூன்று. ஏழு பத்தொன்பதும் அதேதான். நேரில் போய்ப் பார்த்தாலும் ஏழுதான் நிற்கிறது."

காடப்பன் தரையில் விழுந்து கும்பிட்டான். அரசர் அவனைத் தாமே தூக்கி நிறுத்தி, போய்க் குட்டிக்குக் கவளம் ஊட்டச் சொன்னார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, தேவாண்டிக்குத் தம் தோளில் கிடந்த பட்டுச்சால்வையைப் போர்த்தினார்.

மகாராணி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"சமையல்கட்டுக்குப் போகிறேன். மத்தியானம் உங்கள் மனைவிமாருக்கு எத்தனை இலை போடச் சொல்லட்டும்?"

பழக்கதோஷத்தில் அரசர் வித்துவானைத் திரும்பிப் பார்த்தார். வித்துவானும் மணற்பலகையை எடுத்து மடியில் வைத்தார்.

"யோவ்!" என்று அலறினார் அரசர். "நீர் வாயைத் திறந்தீர், தொலைத்துவிடுவேன்!"