ஒன்றுமில்லாத படம்

மலைமேல் இருக்கும் வானாய்வுக் கூடத்தில் ஐந்து வருடமாக ஆராய்ச்சி மாணவனாக இருந்த திருமேனி, விடிந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டான். ஊரில் அம்மா ஒரு பள்ளிக்கூட வேலை பேசி வைத்திருந்தாள். சொல்லிக்கொண்டு போகலாம் என்று பேராசிரியர் பிலோமினாவின் அறைக்கு வந்தான்.

"என்னப்பா திடீர்னு?" என்றார் அவர்.

"ராத்திரி செயற்கைக்கோள்லேருந்து தகவல் வந்துச்சு மேடம். எங்கேயோ ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு. இங்க ஒரே மேகம். விலகினதும் தொலைநோக்கியைத் திருப்பினேன், அதுக்குள்ள அணைஞ்சிடுச்சு. ஆஸ்திரேலியாக்காரங்க முன்னாடியே பிடிச்சுட்டாங்க."

அப்படிப்பட்ட வெடிப்பின் வெளிச்சம் சில மணி நேரம்தான் இருக்கும். வானம் என்ன மாமியார் வீடா, இவன் வரும்வரை இலை போட்டுக் காத்திருக்க? ஆனாலும் பாவம், ஒவ்வொரு தடவையும் இவனுக்கே இப்படி வாய்த்தது.

"படம் எடுத்தியா?"

"எடுத்தேன். அதுல ஒண்ணுமே இல்லை."

"காட்டு."

வேண்டாவெறுப்பாகக் கணினியில் திறந்தான். பிலோமினா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நாற்காலியை இழுத்தார்.

"இதுல இருக்கறதுலேயே ரொம்ப மங்கலான நட்சத்திரம் எது?"

எதற்குக் கேட்கிறார் என்று புரியாமலே தேடினான். கடைசியில் ஓரமாக ஒரு புள்ளியைத் தொட்டான்.

"அந்த வெளிச்சம் இந்த அளவுக்காவது மிச்சம் இருந்திருந்தா?"

"கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும்."

"யாருக்காவது எழுதினியா?"

"ஒண்ணும் தெரியலைன்னு எப்படி மேடம் ஊருக்கெல்லாம் சொல்றது? மானம் போயிடும். இதுவரைக்கும் ஒரு தடவைகூட எழுதினதில்லை."

திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவர் திட்டவில்லை. காலையில் ஆஸ்திரேலியாவிலிருந்து எல்லாக் கூடங்களுக்கும் வந்திருந்த மின்னஞ்சலைத் திறந்து, படிக்கச் சொன்னார்.

"எங்களுக்கு விடிந்துவிட்டது. அப்போதும் அது மங்கிக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு யாராவது பார்த்தீர்களா?"

கீழே ஒருவரும் பதில் போட்டிருக்கவில்லை.

"பார்த்தேன் மேடம். ஆனா அங்க இல்லையே" என்றான் திருமேனி.

பிலோமினா எழுந்து அவனுக்கு நாற்காலியை விட்டார்.

"அதைத்தான்ப்பா கேக்கறாங்க. எந்நேரத்துக்குள்ள அணைஞ்சுதுன்னு சொல்றதுக்கு உன்னை விட்டா ஆள் இல்லை."