பூ வண்டிக்கும் பராக்

வேலங்குடியில் ராஜாவும் இருந்தார், பேட்டரி ஸ்கூட்டரும் இருந்தது. அது எப்படி என்று கேட்டால் கதை நகராது.

ஒருநாள் மந்திரி மாணிக்கவேளார் கடைத்தெருவை அடைத்து நின்று பேசிக்கொண்டிருந்தார். பின்னால் சத்தமே இல்லாமல் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தவர் பதறிப்போய்ச் சாக்கடையில் உட்கார்ந்துவிட்டார். தெருவே சிரித்தது. ஓட்டி வந்த பூக்காரி பொம்மிக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாளே சட்டம் வந்துவிட்டது. ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு கட்டியக்காரன் "பராக், பராக்" என்று கூவிக்கொண்டு நடக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி பறிமுதல்.

பொம்மி, அரசவையில் யோசனை சொல்லும் சடையப்பனிடம் ஓடினாள்.

"அண்ணே, அவன் நடைக்கு ஓட்டினா கோயில் போய்ச் சேர்றதுக்குள்ள பூ வாடிரும். வாடின பூவை யாரு வாங்குவா? பேசாம வண்டியை வித்துரவா?"

"விக்காதே தாயி. நல்ல தொண்டைக்காரனாப் பார்த்து வை. மத்த ஸ்கூட்டர்காரங்களுக்கும் சொல்லு."

அந்த ஊரில் ஒரு வழக்கம். பராக் என்று கேட்டால் ராஜா வருகிறார். அவர் தாண்டும்வரை எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டுத் தலைகுனிந்து நிற்க வேண்டும். சாக்கடைக் கோபத்தில் மந்திரி அதை மறந்துவிட்டார்.

விடிந்ததிலிருந்து பராக்தான். பூ வண்டிக்குக் குனிந்தார்கள். நிமிர்வதற்குள் தயிர் வண்டி. டீக்கடையில் பால் பொங்கி வழிந்தது. சலூன்காரர் ஒருவரைப் பாதி மீசையோடு விட்டுவிட்டுக் குனிந்து நின்றார். மத்தியானத்துக்குள் ஊருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் நிஜமாகவே ராஜா பல்லக்கில் வந்தார். பராக், பராக். ஒருத்தரும் குனியவில்லை.

"கருவாட்டு வண்டியா இருக்கும். நீ எடையைப் பாருய்யா" என்றது ஒரு குரல்.

ராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. உடனே சபையைக் கூட்டினார். சடையப்பன் நடந்ததைச் சொன்னான்.

"சரி, சட்டத்தை எடுத்துவிடலாம். ஆனால் சத்தமில்லாமல் வந்து இடித்தால் என்ன செய்வது?" என்றார் ராஜா.

"ஸ்கூட்டருக்கு ஒரு மணி போதும் மகாராஜா. கடைத்தெருவில் மெதுவாகப் போகட்டும். ஆனால் கட்டியக்காரர்களை அனுப்பிவிட வேண்டாம். ஸ்கூட்டரைவிடச் சத்தமில்லாமல் வந்து ஆளைக் கவிழ்க்கிறது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்து கூவட்டும்."

"எது அது?"

"நம்ம மந்திரி போடுகிற சட்டம்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காது வரைக்கும் இறங்கியது. சடையப்பனுக்குப் புது ஸ்கூட்டர் ஒன்று பரிசு.

மறுநாள் பொம்மியின் பூ ஈரம் காயாமல் கோயிலுக்குப் போயிற்று. கடைத்தெருவில் அவள் மணியடித்தபோது முதல் ஆளாக ஒதுங்கி நின்றவர் மந்திரிதான்.